மலைக்குக் காது கொடுப்பவள்

கண் என்கிற இடம் வந்ததும் டெக்வென் பஸ் இன்ஜினை அணைத்துவிடுவாள். கதவு புஸ்ஸென்று திறந்துகொள்ளும். யாரும் இறங்கமாட்டார்கள், யாரும் ஏறவும்மாட்டார்கள். சாரல் உள்ளே அடிக்கும். முன் இருக்கைக்காரர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதிச் சொல்லில் நிறுத்துவார்கள். சிப்பி விற்கும் ஷோனெட் ரொட்டிப் பைக்குள் கையை விட்டிருந்தால் விட்டபடியே வைத்திருப்பாள், எடுத்தால் காகிதம் சரசரக்குமே என்று. டெக்வென் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்து, வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். பிறகு நிமிர்வாள்.

“போகுது,” என்பாள்.

கதவு மூடும், பஸ் கிளம்பும், பாதியில் நின்ற பேச்செல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கண் என்பது எங்கள் பஸ் நிறுத்தங்களில் ஒன்றல்ல. போர்த்லாஸ் துறையிலிருந்து பிரின்க்லோவுக்கு ஏறும் சாலையில், மலையடியில் இருக்கிற ஒரு கல் வளைவு. இடுப்பளவு உயரம்தான். முன்னால் இரும்புக் கம்பிகள், உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து துருநிறத் தண்ணீர் வந்து, ஒரு பெரிய பலகைக் கல்லுக்கு அடியில் புகுந்து, சாலையைக் கடந்து, சதுப்பு வழியாகத் துறைக்குப் போய்க் கடலில் சேருகிறது. வெளியே ஓடும் தண்ணீரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை நம்ப முடியாது, மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீரும் அதில் கலக்கிறது. டெக்வென் காது கொடுப்பது உள்ளே, வெகு உள்ளே, பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர் குளிக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்பது போல இருக்கும். அது கேட்டால் மலை காலியாகிக்கொண்டிருக்கிறது. கேட்காவிட்டால் எங்கோ கூரை சரிந்து வழி அடைத்து, மலை நிரம்பிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரே குடும்பப் பெயர் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் என்பதால் தொழிலைச் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்வோம். அவள் பஸ் டெக்வென். நான் பிரின்க்லோ மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் மாத்திரை நெஸ்தா. ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆன பிறகும் வின் இன்னும் தபால் வின்தான். டெக்வெனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே அவளுக்கு எங்கள் எல்லோரையும்விடத் தோள் அகலம். இப்போது அறுபதை நெருங்குகிறாள். கோடையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். இடது, வலது என்ற சொற்கள் அவள் வாயில் வராது. கடல்பக்கம், மலைப்பக்கம் என்பாள். “கடல்பக்கக் காலு வலிக்குது, ஏதாவது தைலம் குடு” என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். அவள் வடக்கே பார்த்து நிற்கிறாளா தெற்கே பார்த்து நிற்கிறாளா என்று பார்த்துத்தான் நான் காலைக் கண்டுபிடிக்கவேண்டும்.

அவள் ஓட்டுகிற சாலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கால்வாய். அதில் தண்ணீர் ஓடியதை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. கரிப் படகுகள் போன கால்வாயைத் தூர்த்து அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டார்கள். பாலங்கள் மட்டும் படகுக்குக் கட்டியவை, தலையைக் குனிந்துகொண்டு படகோட்டி போகிற உயரம். அதனால்தான் எங்களுக்கு இந்தக் குள்ள பஸ். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய அகலம். யார் பின்வாங்குவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வராது. கடலை நோக்கி இறங்குகிற வண்டிக்கு வழி, மலையை நோக்கி ஏறுகிற வண்டி பின்னால் போகவேண்டும். இறங்குகிற படகில் கரி இருக்கும், ஏறுகிற படகு காலி. படகு ஒழிந்தும் அந்த மரியாதை ஒழியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. போன கோடையில் ஒருவர் தங்கும் வண்டியைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, ஏறுமுகமாக வந்து, டெக்வெனின் பஸ்ஸுக்கு முன்னால் மூக்கோடு மூக்காக நிறுத்தினார். அவர்தான் முதலில் வந்தாராம். டெக்வென் ஜன்னலைத் திறந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“கரி ஏத்தியிருக்கியாப்பா?”

இல்லை என்றார் அவர், திகைத்துப்போய்.

“அப்ப பின்னால போ. நான் ஏத்தியிருக்கேன்.” உள்ளே உட்கார்ந்திருந்த எங்களைக் கட்டைவிரலால் காட்டினாள். வின் அன்று முழுதும் தன்னைக் கரி மூட்டை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் எதற்கும் எளிதில் வாயைப் பிளக்கிறவள் இல்லை. துறையில் நகராட்சி ஒரு விளக்கப் பலகை வைத்திருக்கிறது, படகுப் படம் போட்டு. அதன்மேல் கடற்காகம் எச்சமிடுவதைத் தவிர அதனால் பயன் எதுவும் நான் கண்டதில்லை. ஆட்டுப் புல்வெளியில் வட்ட வட்டமாகக் குழிவுகள் இருக்கின்றன. ஆழமாகத் தோண்டத் தெரியாத காலத்தில் கிணறு போலத் தோண்டிக் கரி எடுத்து, சரியத் தொடங்கியதும் விட்டுவிட்டு அடுத்ததைத் தோண்டிய குழிகள். இன்று அவற்றில் மழைத்தண்ணீர் தேங்கி ஆடு குடிக்கிறது. கடல் உள்வாங்கும்போது பாறையடியில் கறுப்புக் கோடாகக் கரி தெரியும், அதன்மேல் துண்டை விரித்துக் குளிக்கப் போவோம். இதெல்லாம் எங்களுக்கு வீட்டுச் சுவர் மாதிரி. ஆனால் கண்ணருகே பஸ் நின்று, அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் எனக்கு இன்னும் மேல் சிலிர்க்கிறது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கைக்கொத்தால் கரி வெட்டியவர்களை மூழ்கடிக்கப் பார்த்த தண்ணீர் அது. அவர்கள் அதற்கு மலையைக் குடைந்து வழி செய்து வெளியே கொண்டுவந்தார்கள். வந்த தண்ணீரைக் கடலில் வீணாக விடவில்லை, கால்வாய் வெட்டி அதில் நிரப்பி, அதன் முதுகிலேயே தங்கள் கரியை ஏற்றி அனுப்பினார்கள். வெட்டியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், படகு போயிற்று, ரயில் போயிற்று. வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாததால் தண்ணீர் மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

படகோட்டிகள் கண்ணருகே நின்றது, படகு மிதக்கத் தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள. பிறகு ரயில்காரர்கள் நின்றார்கள். பிறகு பஸ்காரர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு முறை உள்ளே தண்ணீர் நிரம்பி மலை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்தில் இருந்தோம், பள்ளி முற்றத்தில் முழங்கால் அளவு செஞ்சேறு. நல்லவேளை, ஆள் சேதமில்லை. அதற்கு முந்தைய வாரம் வழக்கமான ஓட்டுநர் சளியில் படுத்துவிட, வெளியூர் ஓட்டுநர் ஒருவர் கண்ணருகே நிற்காமல் ஓட்டிவிட்டார் என்பதுதான் காரணம் என்று இன்றுவரை ஊர் சாதிக்கிறது. அவர் நின்றிருந்தால் மட்டும் மலை என்ன கேட்டிருக்கும் என்று நான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. தண்ணீர் மட்டத்தை அளந்து எங்கோ ஓர் அலுவலகத்துக்குச் சொல்கிற கருவி. நன்றாகவே வேலை செய்கிறது. அது வந்த பிறகு நீ ஏன் இன்னும் நிறுத்துகிறாய் என்று அதை மாட்ட வந்த பெண்ணே கேட்டாளாம். “அது அதோட வேலைய பாக்கட்டும் தங்கம், நான் என் வேலைய பாக்கறேன்” என்று சொல்லி, அவளையும் ஏற்றிக்கொண்டு வந்து துறையில் இறக்கிவிட்டாள் டெக்வென். அந்தப் பெண்ணும் பஸ்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்.

போன இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. திரும்பி முடித்த பிறகும் பஸ்ஸின் திரும்பு விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். “இன்னும் திரும்பிட்டே இருக்கோமா டெக்வென்?” என்று வின் பின்னாலிருந்து கத்துவார். எல்லோரும் சிரிப்போம். தேவாலயப் பாடற்குழுவில் அவள் குரல் மற்றவர்களை அமுக்கத் தொடங்கியது. குழுத்தலைவர் அவளை நைசாக வரிசை ஓரத்துக்கு நகர்த்தினார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, காதில் அழுக்கு கரைக்கிற சொட்டு மருந்து கேட்டாள். கொடுத்தேன். மறுபடி வந்தாள், மறுபடி கொடுத்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ஒரு வாரமாக மழை கொட்டித் தீர்த்திருந்தது. வின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் இருந்தார். அவருக்கு அன்று மேலே ஆஸ்பத்திரியில் கண் அறுவை சிகிச்சை. அந்தத் தேதிக்காக அவர் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ. கண் வந்தது. டெக்வென் இன்ஜினை அணைத்துக் கதவைத் திறந்தாள். தலையைச் சாய்த்தாள். வழக்கத்தைவிட நெடுநேரம் சாய்த்தபடியே இருந்தாள். எழுந்து படியில் ஒரு காலை வைத்து, வெளியே முகத்தை நீட்டினாள். திரும்பியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“நின்னுடுச்சு,” என்றாள். “தண்ணி நின்னுடுச்சு. எல்லாரும் இறங்குங்க. வண்டி மேல போகாது.”

எங்களுக்குக் கேட்டது. மழையில் பெருத்துப்போன அந்தத் தண்ணீர், நான் என் ஆயுளில் கேட்டிராத அளவுக்கு உள்ளே இடித்துக்கொண்டிருந்தது. காலடியில் தரைகூட லேசாக அதிர்வதுபோல இருந்தது. பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரும்பு விளக்கு எனக்கு நினைவு வந்தது, சொட்டு மருந்து நினைவு வந்தது. டெக்வென் கைப்பேசியை எடுத்துப் பெட்டிமேல் ஒட்டியிருந்த எண்ணை அழுத்த ஆரம்பித்தாள். அழைத்துவிட்டால் அந்த அலுவலகக்காரர்கள் வருவார்கள், சாலையை மூடுவார்கள், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பார்கள். ஊருக்கே தெரிந்துவிடும். எங்கள் பஸ் டெக்வென் சொல்லை இனி யாரும் நம்பமாட்டார்கள்.

வாயாடி வின்தான் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து அவள் முகத்துக்கு நேரே போனார்.

“அந்த போன வை டெக்வென்,” என்றார். அவருக்கு அவ்வளவு கனிவாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

“ஆஸ்பத்திரிக்கு நேரமாகுதேன்னு பாக்கறியா? கண்ணு போனா போகுது, உசிரு முக்கியம்.”

“அது இல்ல,” என்றார் வின்.

டெக்வென் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் நாங்கள் எல்லோரும் தெரிவோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“உங்களுக்குக் கேக்குதா?”

ஷோனெட் பையிலிருந்து கையை எடுத்தாள். காகிதம் சரசரத்தது. “கேக்குது தங்கம். நல்லாவே கேக்குது.”

டெக்வென் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஏதோ வேன் ஒலியெழுப்பியது, அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. பிறகு பேசினாள், எங்களைப் பார்த்து அல்ல, ஸ்டியரிங்கைப் பார்த்து.

“நேத்து போகுதுன்னு சொன்னேனே. போன வாரமெல்லாம் சொன்னேனே. எனக்குக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.”

எத்தனை காலமாக அவள் தண்ணீரைக் கேட்காமல், முன்பு கேட்டதையே நினைவில் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று யாருக்குத் தெரியும். அவள் கதவை மூடிப் பஸ்ஸை எடுத்தாள். வின் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் கண்ணருகே பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்த வாரமும் நிற்கவில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் பேச்சை நிறுத்தினோம், இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். சாவு வீட்டைக் கடந்துபோவது போல இருந்தது. அவள் தகர டப்பாவில் கொண்டுவருகிற திராட்சை அப்பத்தை நீட்டுவதும் நின்றுபோயிற்று. என்னிடம் மட்டும் சொன்னாள்: காதைச் சோதித்தார்களாம், கருவி வர நாளாகுமாம், வந்தாலும் மனிதர் பேச்சுக்குத்தான் ஆகுமாம், மலைக்குள் விழும் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லையாம். வேறு வழித்தடம் கேட்டு எழுதப்போவதாகவும் சொன்னாள்.

வின் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கண் நெருங்கியதும் கம்பியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மணி அவளுக்குக் கேட்காது. ஆனால் அவளுக்கு எதிரே விளக்கு எரியும். பஸ் நின்றது, கதவு திறந்தது.

“இறங்கு,” என்றாள் டெக்வென்.

“இறங்கறதுக்கு இல்ல. இன்ஜின அணை,” என்றார் வின், அவள் காதருகே குனிந்து.

“எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியும்ல வின்?”

“உன் காதுக்காகவா இத்தன வருஷம் பஸ் நின்னுச்சு? தண்ணிக்காக நின்னுச்சு. அணைம்மா.”

அணைத்தாள். நாங்கள் கேட்டோம். கேட்டதும் ஷோனெட் கையைத் தூக்கினாள், அவளுக்குப் பின்னால் நான், பிறகு ஒவ்வொருவராக, கண்ணாடியில் தெரியும்படி. டெக்வென் எங்கள் கைகளைப் பார்த்தாள். “போகுது,” என்றாள். கதவு மூடியது.

அதிலிருந்து இப்போதைய வழக்கம் அதுதான். நாங்கள் கேட்கிறோம், கையைத் தூக்குகிறோம், அவள் சொல்கிறாள். திராட்சை அப்பம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அந்த ‘போகுது’ பழைய ‘போகுது’ இல்லை. அடுத்தவருக்கு வந்த தந்தியைப் படித்துச் சொல்வதுபோல ஒரு குரல். அவளும் அதை அறிந்திருந்தாள். வழித்தடம் மாற்றக் கேட்கும் எண்ணத்தை அவள் விட்டுவிட்டாள் என்று எங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை நல்ல மழை. கண்ணருகே இன்ஜின் அணைந்தது, கதவு திறந்தது. டெக்வென் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எழுந்து, படியில் இறங்கி, மழையில் நடந்து கல் வளைவுக்குப் போனாள். தண்ணீர் அடியில் புகுந்து போகிற பலகைக் கல்லுக்கு முன்னால் நின்று, குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினாள். காலுறையையும் உருவி ஸ்வெட்டர் பைக்குள் திணித்தாள். ஷோனெட் கோட்டுக் கையால் ஜன்னலின் ஆவியைத் துடைத்தாள். எங்கள் எல்லோருடைய மூச்சும் அந்த ஒரு ஜன்னலில்தான் படிந்துகொண்டிருந்தது. டெக்வென் ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலைக் கல்லின்மேல் வைத்து, அந்தப் பெரிய உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பழையபடி வாய் சற்றுத் திறந்திருந்தது. கேட்கவேண்டியவர்கள் நாங்கள் என்பதே எங்களுக்கு மறந்துபோய், அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களில் ஒருவர்கூடக் கையைத் தூக்கியிருக்கவில்லை. மழையில் அவளுடைய கை மெல்ல மேலே உயர்ந்தது.